பஞ்சரான பைக் டயர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

ஓட்டை எவ்வளவு பெரியது என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: ஓட்டை டயரின் எந்த இடத்தில் இருக்கிறது? காற்று இறங்கிய பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது? 3 மி.மீ. ஆணி ஏறிய டயரைத் தூக்கிப் போடவேண்டி வரலாம், 5 மி.மீ. ஓட்டை விழுந்த டயர் ஒட்டுடன் தேயும்வரை ஓடலாம்.

அதனால், பின்பக்கம் அலைவதுபோல் தெரிந்தாலோ ஹேண்டில் கனத்து ஒரு பக்கம் இழுத்தாலோ ஆக்சிலரேட்டரைக் குறைத்து உடனே ஓரங்கட்டுங்கள். காற்று இறங்கிய சக்கரத்தின் பிரேக்கைத் தொடவேண்டாம். "அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்" என்பதுதான் டயரைக் கொல்வது. காற்று இல்லாதபோது மொத்த எடையும் டயரின் பக்கச்சுவர் மேல் விழுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே மடிந்து நிமிர்கிறது. அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் நைலான் நூல்கள் விட்டுப்போகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஆணி கண்ணில் பட்டால் அடுத்து என்ன செய்வது என்பது டயரைப் பொறுத்தது. உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் என்றால் பிடுங்காதீர்கள். உள்பக்க ரப்பர் ஆணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும், காற்று மெதுவாகத்தான் கசியும். பங்கில் காற்றடித்து, 30 - 40 கி.மீ. வேகத்தில் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடலாம். டியூப் டயர் என்றால் நேர்மாறு. சக்கரம் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் ஆணி டியூபை இன்னோர் இடத்தில் கிழிக்கும். உடனே பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் சாக்பீஸாலோ பேனாவாலோ ஒரு கோடு போடுங்கள். பிறகு தள்ளிக்கொண்டு போவதுதான் வழி. வண்டியின் மேல் உட்கார்ந்து உருட்டவேண்டாம்.

காற்று இறங்குவதெல்லாம் பஞ்சர் அல்ல. இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்றழுத்தம் 5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைகிறது, ஆணியும் காணோம் என்றால் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கி, முதலில் வால்வு வாயில் விடுங்கள். குமிழ் வந்தால் உள்ளிருக்கும் வால்வு ஊசியை மாற்றினால் போதும். வாயில் இல்லாமல் வால்வின் அடிப்பகுதியில் வந்தால் ரப்பர் வெடித்திருக்கிறது, வால்வையே மாற்றவேண்டும். டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் சுற்றிலும் ஊற்றிப் பாருங்கள். அங்கே குமிழ் வந்தால் ரிம் பள்ளத்தில் இடித்து நெளிந்திருக்கலாம், அல்லது உப்பும் அழுக்கும் படிந்திருக்கலாம். பட்டனில் (ரோட்டைத் தொடும் மேல் ரப்பரில்) ஏறியிருக்கும் சின்னக் கல்லையும் முள்ளையும் பஞ்சர் என்று நினைத்து ஓட்டை போட்டு, அதை அடைக்கும் ரப்பர் திரியைச் சொருகிவிடும் கடைகளும் உண்டு. பிடுங்குவதற்கு முன் தண்ணீர் விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஒட்டக்கூடிய இடம்

ரோட்டைத் தொடும் பட்டன் பகுதியின் நடுவில் விழுந்த ஓட்டையை ஒட்டலாம். பக்கச்சுவரில் எவ்வளவு சிறிய ஓட்டை என்றாலும் ஒட்டக்கூடாது, டயரை மாற்றத்தான் வேண்டும். அங்கே ரப்பர் மெல்லிசு, ஓடும்போது இடைவிடாமல் வளையும் பகுதி. ஒட்டு நிற்காது. நின்றாலும், அறுந்த நூல்களை எந்தப் பசையும் சேர்க்காது.

பட்டனுக்கும் பக்கச்சுவருக்கும் நடுவில் உள்ள தோள் பகுதியில்தான் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் வாக்குவாதம் வரும். கார் டயர் தட்டையானது. பைக் டயர் உருண்டை, வளைவில் சாய்க்கும்போது தோள்தான் ரோட்டில் நிற்கிறது. பட்டனின் கடைசி இரண்டு செ.மீ. அளவுக்குள் ஓட்டை இருந்தால் மாற்றிவிடுவது நல்லது. முன்சக்கரம் என்றால் இதில் பேச்சே வேண்டாம். பின் டயர் திடீரென இறங்கினால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் டயர் இறங்கினால் ஸ்டீயரிங்கே கையில் இருக்காது.

அளவைப் பொறுத்தவரை 6 மி.மீ. வரைதான் ஒட்டலாம். அதுவும் ஆணி, ஸ்க்ரூ போட்ட வட்ட ஓட்டையாக இருக்கவேண்டும். கண்ணாடிச் சில்லோ தகரமோ கீறிய நீளக் கிழிசல் வேறு கணக்கு. 4 மி.மீ. கிழிசல்கூட வண்டி ஓட ஓட நீளும். பழைய ஒட்டின் மேலோ அதை ஒட்டியோ புது ஓட்டை விழுந்திருந்தால் அங்கே இன்னொரு திரி சொருகவேண்டாம். ஒரே டயரில் இரண்டு மூன்று ஒட்டுக்கு மேல் போய்விட்டால் ஒட்டை எண்ணுவதை விட்டுவிட்டுப் புது டயருக்குப் போங்கள்.

டயரைக் கழற்றிப் பாருங்கள்

டியூப்லெஸ் டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பத்து நிமிடத்தில் திரி சொருகிவிடலாம். அந்த வசதியால்தான் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆணி ஏறியதும் கவனித்து, காற்று முழுதாக இறங்காமலே ஒட்டியிருந்தால் பரவாயில்லை. காற்றில்லாமல் அரை கி.மீ. ஓடியிருந்தால்கூட டயரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பு ரப்பர் தூள் உதிர்ந்து கிடந்தாலோ, பக்கச்சுவரின் உள்பக்கம் சுற்றிலும் தேய்ந்த வளையம் தெரிந்தாலோ, அழுத்தும்போது ஓரிடம் மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ அந்த டயர் முடிந்தது. ஓட்டை நடுவில் இருந்தாலும், நேற்று வாங்கியதாக இருந்தாலும் அதே முடிவுதான். நூல் வெளியே தெரிந்தாலும், காற்றடித்த பிறகு பக்கத்தில் புடைப்பு வந்தாலும் அப்படியே.

டயர் நன்றாக இருந்தால், கழற்றியதற்குப் பலனாக உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டு போட்டுக்கொள்ளலாம். அதன் தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்பக்க ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும். இதுதான் நிரந்தர ஒட்டு. வெளியிலிருந்து சொருகும் திரி வீடு போய்ச் சேர்வதற்கு. நடைமுறையில் ஊருக்குள் ஓடும் 100 சிசி, 125 சிசி வண்டிகளில் திரியே டயரின் ஆயுள் முழுக்க நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். பைபாஸில் 90, 100-இல் போகிறவர்கள் அதை நம்பவேண்டாம்.

திரி போடும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் ஓட்டையைத் தேய்த்துச் சீராக்க அரம் போடும் கட்டத்தில். ஆணி எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில்தான் அரம் உள்ளே போகவேண்டும். நேராகக் குத்தினால் பக்கத்தில் புது ஓட்டை விழும். ரேடியல் டயராக இருந்தால் நல்ல நூல்களும் கம்பிகளும் அறுபடும். அரத்தை நாலைந்து முறை உள்ளே விட்டுச் சுழற்றினால் போதும். திரியின் நடுப்பகுதியை ஊசிக் காதில் கோத்து, சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவி, இரு முனையும் வெளியே ஒன்றரை செ.மீ. நிற்கும்வரை அழுத்துங்கள். ஊசியைத் திருகாமல் வெடுக்கென்று இழுங்கள். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும். மீதியை 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். காற்றடித்து, எச்சிலை நம்பாமல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைத் துடைத்து எடுக்காமல் போட்ட ஒட்டு நிற்காது.

டியூப் டயர் என்றால்

ஸ்போக்ஸ் சக்கரங்களில் இன்னும் டியூப்தான் அதிகம். இங்கே டயரும் டியூபும் தனித்தனித் தீர்ப்புக்கு உரியவை. டயரில் ஆணி ஓட்டை சிறியதென்றால் டயருக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஆனால் கையில் துணி சுற்றி உள்பக்கம் முழுக்கத் தடவிப் பார்க்கவேண்டும். முறிந்த முள் முனை அங்கேயே இருந்தால் நாளைக்கும் பஞ்சர்.

டியூபில் ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். ரிம் பக்கம் என்றால் ஸ்போக்ஸ் முனை குத்தியிருக்கிறது, அல்லது ஸ்போக்ஸ் முனைகளை மூடும் ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேட்ச் போட்டாலும் வீண். அருகருகே இரண்டு சின்னக் கீறல் இருந்தால் காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் இறக்கியதில் டியூப் நசுங்கியிருக்கிறது. அல்லது டயரைக் கழற்றும் கடைக்காரரின் லிவர் கடித்திருக்கிறது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டவே முடியாது, டியூபை மாற்றுங்கள். காற்றில்லாமல் ஓடியபோது டயர் ரிம்மில் வழுக்கி டியூபையும் இழுத்திருக்கிறது; வால்வு சாய்ந்து நிற்பதே அதற்கு அடையாளம்.

பேட்ச் போடும்போது தேய்த்த இடத்தில் சொல்யூஷன் தடவி, பளபளப்பு போய் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை ஐந்து நிமிடம் காயவிடவேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டியது வெயில் சூட்டில் நழுவும்.

டியூப்லெஸ் டயர் ஒட்ட முடியாமல் போனால் "உள்ளே டியூப் போட்டுக்கலாம்" என்பார்கள். ஓட்டையோ பக்கச்சுவரோ கெட்டுப்போன டயர் டியூப் போட்டாலும் கெட்டுப்போன டயர்தான். நடுவழியில் வேறு வழியே இல்லாதபோது மெதுவாக ஊர் சேர மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒட்டலாம், ஆனால் செலவு தகுமா?

பட்டன் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருக்கும். பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ முக்கோணமோ அந்த இடத்தைக் காட்டும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் பஞ்சர் இல்லாவிட்டாலும் மாற்றவேண்டியதுதான். இன்னும் ஒரு மி.மீ. மட்டுமே மிச்சம் என்றால் ஒட்டுக்குச் செலவழிக்கவேண்டாம். தேய்ந்த டயரில் ஆணி சீக்கிரம் ஏறும். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பஞ்சர் வருவதற்குப் பெரும்பாலும் ரோடு காரணமல்ல.

வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டி, பட்டன் பள்ளத்திலும் பக்கங்களிலும் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஒட்டவேண்டாம். புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதே அளவு, சுழலும் திசை அம்புக்குறி சரியான பக்கம், டியூப்லெஸ் என்றால் புது வால்வு, டியூப் டயர் என்றால் புது டியூப். நீண்டு போன பழைய டியூப் புது டயருக்குள் மடிந்து, மடிந்த இடத்தில் வெடிக்கும்.

ஒட்டிய டயரில் முதல் 24 மணி நேரம் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். ஒரு வாரம் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதிவையுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. குறைவது இயல்பு. இரண்டு நாளிலேயே 3 பி.எஸ்.ஐ. குறைந்தால் ஒட்டு கசிகிறது. வெளியிலிருந்து இன்னொரு திரி சொருகச் சம்மதிக்காமல், இந்த முறை டயரைக் கழற்றச் சொல்லுங்கள்.