குடும்ப வன்முறை: நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெறுவது எப்படி?

‘இனி அடிக்க மாட்டேன்’ என்று கணவரிடம் காவல் நிலையத்தில் எழுதி வாங்கியதோடு பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தாளை மீறுவது தனிக் குற்றம் ஆகாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் 1 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதனால் அந்த ஆணையைக் கையில் வாங்குங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112 (அவசர உதவி) அல்லது 181 (பெண்கள் உதவி எண்) அழையுங்கள். காயம் இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய், அடித்தது யார் என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அங்கே சொல்லிவிட்டால் வழக்கு முழுக்க அது துரத்தும்.

அடுத்து, இந்தச் சட்டப்படி உதவ நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். அவர், நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து, மாஜிஸ்திரேட்டிடம் போடும் மனுவுக்கும் உதவுவார். அந்த அறிக்கை இல்லாமலும் நேரடியாக மனு போடலாம். 2022-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. தாய்வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.

மனு பலவீனமாவது பெரும்பாலும் எழுதும் விதத்தில்தான். ‘அடிக்கடி கொடுமை செய்தார்’ என்பது போதாது. என்று, எங்கே, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் மாதத்தை மட்டும் எழுதுங்கள். ஊகித்துப் போட்ட தேதி குறுக்கு விசாரணையில் உங்களையே திருப்பி அடிக்கும். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, செலவுக்குப் பணம் தராதது, இழிவாகப் பேசுவது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வன்முறைதான்.

60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்குகள் இழுக்கின்றன. ஆகவே மனுவோடு சேர்த்தே, 23-ஆம் பிரிவின் கீழ் பிரமாண வாக்குமூலத்துடன் (அஃபிடவிட்) இடைக்கால ஆணை கேளுங்கள். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே மாஜிஸ்திரேட் அதைத் தர முடியும்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறது என்று தயங்க வேண்டாம். கணவரோடு குடும்பமாக வாழ்ந்த வீடு உறவினருடையதாக இருந்தாலும் குடியிருப்பு உரிமை கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மாமியாரை வெளியேற்றும்படி கேட்க முடியாது. பெண்களை வெளியேற்ற இந்தச் சட்டத்தில் இடமில்லை.

ஆணையின் நகல் இலவசம். காவல் நிலையத்துக்கும் ஒன்று போகும். போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே விசாரியுங்கள். மீறல் நடந்தால் அன்றே ஆணையின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதோ (புகாரைப் பெற்றதற்கான சான்று) எஃப்.ஐ.ஆர். நகலோ வாங்காமல் நகராதீர்கள்.