கறையில் தொடங்கும் மலை: திட்டம் போடாமல் ஒரு நிலக்காட்சி

நிலக்காட்சி என்றதும் கை தானாகப் பென்சிலை எடுத்துத் தொடுவானத்துக்கு ஒரு கோடு இழுக்கும். இந்த முறையில் அந்தக் கோடு நான்காவது படியில்தான் வரும். முதலில் வண்ணம், காட்சி அப்புறம். புது யோசனை ஒன்றும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஓவியர், தாளில் மைக்கறைகளை இட்டு அவற்றுக்குள்ளிருந்து நிலக்காட்சியைக் கண்டெடுக்கக் கற்றுக்கொடுத்தார்.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாள் (மெல்லிய தாள் ஈரத்தில் நெளிந்துவிடும்), பட்டை பிரஷ், ஸ்ப்ரே பாட்டில், மாஸ்கிங் டேப், காலாவதியான ஏடிஎம் கார்டு. அக்ரிலிக்கில் மூன்று வண்ணம் போதும்: அல்ட்ராமெரின் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), டைட்டானியம் வெள்ளை. நீலமும் சியன்னாவும் கலந்தால் கறுப்பை ஒட்டிய அடர்சாம்பல் கிடைக்கும், கறுப்பு ட்யூப் தேவையில்லை.

படி 1: போய்வந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் வேண்டாம். காற்று அடித்ததா, கண் கூசியதா? இரண்டே சொல்லில் தாளின் பின்புறம் எழுதுங்கள். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃப்ராங்கென்தாலர் 1952-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா பயணம் முடித்து நியூயார்க் திரும்பிய பிறகுதான், கித்தானைத் தரையில் விரித்து, நீர்த்த வண்ணத்தை அதில் ஊறவிட்டு ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தைத் தீட்டினார்.

படி 2: தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப்பால் ஒட்டி, தண்ணீர் தெளியுங்கள். நீர்த்த நீலத்தை ஒரு பக்கம், சியன்னாவை இன்னொரு பக்கம் ஊற்றிப் பலகையைச் சாயுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் புகைபோல ஒரு சாம்பல் ஓரம் உருவாகும். ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது கார்டு முனையால் சுரண்டினால் வெளிறிய கோடு விழும். அவசரப்பட்டால் வண்ணம் திரும்ப ஓடிவந்து, அதே கோடு கறுத்துப்போகும். இந்த நேரக்கணக்கு கைக்குப் பிடிபட நாலைந்து தாள் வீணாகும், ஆகட்டும்.

படி 3: நன்றாகக் காயவிட்டு, தாளை நான்கு பக்கமும் திருப்பி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள்.

படி 4: பாதி வேலை இங்கேதான். தொடுவானம் எங்கே என்று இப்போது முடிவுசெய்யுங்கள், சரிநடுவில் மட்டும் வேண்டாம். வெள்ளையில் துளி நீலம் கலந்து, கெட்டியாகவே எடுத்து, மலையை விட்டுவிட்டு வானத்தை மட்டும் தீட்டுங்கள். வண்ணம் மூடாமல் மிச்சம் நிற்பதுதான் மலை. அதன் விளிம்பைத் தீர்மானிப்பது வானம். தூரத்து மலை மேல் இதே கலவையை நீர்விட்டு மெல்லியதாகப் பூசுங்கள். வெளிறி, நீலம் பாரித்துப் பின்னால் போய்விடும்.

அழகான கறைகளை மூடத்தான் மனசு வராது. ஒருமுறை மூன்று கறைகள் மேல் ஆசைப்பட்டு எதையும் தொடாமல் விட்டேன். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போட்டதில், பார்த்தவர்களுக்குக் கண்ணை எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள்.

படி 5: பறவை வரையலாமே என்று சின்ன பிரஷைத் தேடத் தொடங்கினால், படம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிரஷைக் கழுவிவிடுங்கள், அக்ரிலிக் காய்ந்தால் மயிர் விறைத்துப்போகும். டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். பிறகு தாளைத் திருப்பி, முதலில் எழுதிய இரண்டு சொல்லைப் படித்துப் பாருங்கள்.