விண்டோஸ் 11 பக்கத்திலேயே உபுண்டு: பென்டிரைவைச் செருகும் முன் செய்ய வேண்டியவை

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை இன்ஸ்டால் செய்ய அரை மணி நேரம் போதும். ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைக்கும் டூயல் பூட்டில் ஃபைல்களை இழப்பவர்களும், விண்டோஸ் திறக்காமல் தவிப்பவர்களும் பெரும்பாலும் அதற்கு முந்தைய ஏற்பாடுகளைத் தவறவிட்டவர்கள்தான். அதனால் இங்கே பாதிக்கு மேல் விண்டோஸுக்குள் செய்ய வேண்டிய வேலைகளே வருகின்றன. விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் உபுண்டு 24.04 போடுவதாக வைத்துக்கொள்வோம். லினக்ஸ் மின்ட்டுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

பேக்அப்பைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். அதே டிஸ்க்கின் டி டிரைவில் வைத்த நகல் பேக்அப் ஆகாது; டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணை கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அடுத்தது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கர். ஹோம் எடிஷனில்கூட 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற பெயரில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் முதலில் 48 இலக்க ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். பயாஸில் (விண்டோஸ் திறக்கும் முன் போகக்கூடிய மதர்போர்டின் அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்க விடும் பாதுகாப்பு) மாற்றினாலே அடுத்த முறை விண்டோஸ் இந்தக் கீயைக் கேட்கக்கூடும். இல்லாதவருக்கு டிஸ்க் திறக்காது. என்க்ரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுக்க முடியும்வரை காத்திருந்து தொடர்வதே நல்லது.

பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்களுக்கான அமைப்பில் அந்த டிக்கை எடுக்க வேண்டும். இது ஆனில் இருந்தால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. வம்படியாக எழுதினால் ஃபைல் அமைப்பு சேதமாகும்.

இப்போது இடம் ஒதுக்க வேண்டும். சி டிரைவை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குங்கள், லினக்ஸ் இன்ஸ்டாலரிடம் விடாதீர்கள். உபுண்டு 25 ஜிபி கேட்கும். வசதியாகப் புழங்க 60 ஜிபி வேண்டும். 'ஷ்ரிங்க் வால்யூம்' பெட்டி எம்பியில் கேட்பதால் 61440 என்று கொடுங்கள். 100 ஜிபி காலியாக இருந்தும் 10 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று அது சொன்னால், நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். கிடைத்த இடத்தை அப்படியே 'அன்அலோகேட்டட்' ஆக விடுங்கள்; ஃபார்மேட் வேண்டாம். இந்த வேலை நடக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் அவசியம், லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டியே வையுங்கள்.

இன்டெல் லேப்டாப்கள் சிலவற்றில் உபுண்டு இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியாது. பயாஸில் ஸ்டோரேஜ், இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருப்பதே காரணம். நேரடியாக, பொதுவான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் விண்டோஸில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் திறந்ததும் டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்க வேண்டும்.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மென்பொருளால் உபுண்டுவின் இன்ஸ்டால் ஃபைலான ஐஎஸ்ஓவை அதில் எழுதுங்கள். கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் 'யுஇஎஃப்ஐ' என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐயிலும் லினக்ஸ் பழைய லெகசி முறையிலும் போனால் இரண்டும் ஒரே மெனுவில் வராது. இன்ஸ்டால் செய்யும் முன் 'டிரை உபுண்டு'வில் வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் சோதித்துப் பாருங்கள்.

விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வு தெரிந்தால் அது போதும். தெரியாவிட்டால் மேனுவல் முறையில் அந்தக் காலி இடத்தை லினக்ஸின் ஃபைல் அமைப்பான எக்ஸ்ட்4 ஆக்கி, மவுன்ட் பாயின்ட்டாகச் சாய்கோடு (/) ஒன்றை மட்டும் கொடுங்கள். ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டியதில்லை. உபுண்டு தானே ஸ்வாப் ஃபைல் வைத்துக்கொள்ளும். பட்டியலில் ஏறக்குறைய 100 எம்பி அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று தெரியும். விண்டோஸின் பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. உபுண்டுவும் அதிலேயே தன் ஃபோல்டரை வைத்துக்கொள்ளும். அதை ஃபார்மேட் செய்துவிட்டால் விண்டோஸ் திறக்காது. 'எரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும்.

இன்ஸ்டாலரில் என்விடியா கிராபிக்ஸ் டிரைவருக்கு டிக் செய்திருந்தால், செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லலாம். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்ததும் 'என்ரோல் மோக்' தேர்ந்து அதைக் கொடுங்கள். 'கன்டினியூ பூட்' என்று தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

இரண்டும் ஓடத் தொடங்கியதும் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸின் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' மதிப்பை 1 ஆக்கினால் சரியாகிவிடும்.

எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் கிரப் மெனுவில் விண்டோஸைக் காணோமா? கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. கிரப் அமைப்பு ஃபைலில் அந்த முடக்கத்தை நீக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால் உபுண்டு அழிந்துவிடவில்லை. பூட் வரிசை மாறியிருக்கும். பயாஸில் உபுண்டுவை மேலே ஏற்றினால் போதும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸ், செக்யூர் பூட் தொடர்பான 'எஸ்பேட்' பிழை காட்டி நின்றது. அப்படி வந்தால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக ஆஃப் செய்து உள்ளே போய், 'மோக்யுடில்' கட்டளையால் எஸ்பேட் பாலிசியை நீக்கி, ரீஸ்டார்ட் செய்தபின் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.

லினக்ஸை எடுத்துவிட விரும்பினால், முதலில் பயாஸில் 'விண்டோஸ் பூட் மேனேஜரை' மேலே ஏற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே உபுண்டு பார்ட்டிஷனை நீக்குங்கள். வரிசையை மாற்றாமல் நீக்கினால் கணினி கிரப்பின் கறுப்புத் திரையிலேயே நின்றுவிடும்.