இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு உட்காருங்கள்: சீன அரண்மனைத் தொடர்களைப் பார்க்கும் முறை

முதல் நிபந்தனை, இஸ்திரி போட்டுக்கொண்டே பார்க்கக் கூடாது. என் கணவரின் வெள்ளைச் சட்டை முதுகில் முக்கோணமாகப் பழுப்பேறிய அன்றுதான் இதைக் கற்றுக்கொண்டேன். திரையில் ஒருத்தி பேரரசரைப் பார்த்து "சிலாங்" என்று மெல்ல அழைத்தாள். ஆகா, பழைய அன்பு திரும்பிவிட்டது என்று நான் உருகினேன். பக்கத்தில் இருந்த எதிர் வீட்டுச் சீனப் பாட்டியோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஏன் என்று கேட்பதற்குள் சட்டை கருகிவிட்டது.

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் அவர் வீட்டுக் கதவும் எங்கள் வீட்டுக் கதவும் எதிரெதிர். எனக்குத் தெரிந்த மாண்டரின் சந்தை மாண்டரின். விலை கேட்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். கணக்குப் பிரிவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்த தொடர்களெல்லாம் ஆங்கில வசன வரிகளாலும் அந்தப் பாட்டியாலும்தான் புரிந்தன. முதல் பார்வையில் காதல் வந்து முப்பதாம் அத்தியாயத்தில் முத்தம் வரும் தொடர்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. கல்யாணமாகி, காயப்பட்டு, எதிரில் இருப்பவர் தன்னைக் கொல்லவும் கூடும் என்று தெரிந்தே அன்பு செலுத்துகிறவர்களின் கதைகளைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன். முடிவுகளையும் சொல்லிவிடுவேன். இந்த வகைத் தொடரில் முடிவு தெரிந்தால் சுவை கெடாது, கூடும்.

2011இல் வந்த 'ஜென் ஹுவான்' கதையில் தொடங்குங்கள். 76 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு போதும். முதல் பத்து அத்தியாயங்களில் யார் யார் என்றே பிடிபடாது, எல்லாரும் ஒரே மாதிரித் தலையலங்காரத்தில் இருப்பார்கள். அதனால் ஒரு தாளில் சிங் வம்சத்து அந்தப்புரப் படிநிலையை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள். உச்சியில் பேரரசி ஒருவர். அடுத்து ஹுவாங் குய்ஃபெய் ஒருவர், குய்ஃபெய் இருவர், ஃபெய் நால்வர், 'பின்' என்ற படியில் அறுவர். அதற்குக் கீழே குய்ரென், சாங்சாய், தாயிங் என்ற மூன்று படிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

நாற்காலி எண்ணிக்கை தெரிந்துவிட்டால் பாதிக் கதை விளங்கிவிடும். நான்கு இடம்தான் என்றால், ஐந்தாவதாக வருகிறவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் யாரோ ஒருத்திக்கு ஆபத்து. முப்பது வருடம் அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல்களைப் பார்த்தவளுக்கு இது புதிதல்ல.

அடுத்து, 'நான்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆங்கில வசன வரியில் எல்லாரும் ஒரே 'நான்' தான். காதில் விழுவது வேறு. பேரரசர் மட்டும் தன்னை 'ஜென்' என்பார் (கதாநாயகியின் குலப்பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒலியின் ஏற்ற இறக்கம் வேறு). அவர் முன்னால் மனைவியர் தங்களை 'சென்சியே' என்று தாழ்த்திச் சொல்வார்கள். அதே பெண் தன் மாளிகைக்குத் திரும்பிப் பணிப்பெண்ணிடம் பேசும்போது 'பென்குங்' ஆகிவிடுவாள், அரண்மனைக்கு உரியவள் என்ற தோரணையில். இந்த மூன்று ஒலிகளைக் காதுக்குப் பழக்கிக்கொண்டால் போதும். நமக்கு இது கடினமே இல்லை. வீட்டில் 'நீங்கள்' திடீரென்று 'நீ' ஆனாலும், 'நீ' திடீரென்று 'நீங்கள்' ஆனாலும் ஏதோ நடந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

'சிலாங்' என்பதும் அப்படித்தான். யோங்ஜெங் பேரரசர் முந்தைய பேரரசரின் நான்காம் மகன். நான்காமவரே என்ற உரிமையோடு கதாநாயகி ஜென் ஹுவான் தனிமையில் அவரை அழைத்த பெயர் அது. பின்னர், இறந்துபோன முதல் பேரரசியின் சாயலில் தான் இருப்பதால்தான் இந்த அன்பெல்லாம் என்று அவள் கண்டுபிடிக்கிறாள். அந்தப் பெயர் அவள் வாயில் செத்துவிடுகிறது. அரண்மனையை விட்டு மடத்துக்குப் போகிறாள். அங்கே பேரரசரின் தம்பியான குவோ இளவரசரைக் காதலித்துக் கருவுறுகிறாள். அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்ற ஒரே வழி, பேரரசரை மறுபடி மயக்கி அந்தப் பிள்ளை அவருடையது என்று நம்பவைப்பதுதான். அப்போதுதான் அந்தச் சொல்லை மறுபடி எடுக்கிறாள். நான் உருகியதும் பாட்டி வாயைப் பொத்தியதும் ஒரே காட்சிக்குத்தான்.

இப்போது நோட்டுப் புத்தகம். நெடுக்காக மூன்று பத்திகள் போடுங்கள்: யார் கையால் நடந்தது, யார் சொல்லி நடந்தது, யார் தலையில் விழுந்தது. நல்லவர், கெட்டவர் என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் வாரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும்.

ஹுவா ஃபெய்யை வைத்துச் செய்து பாருங்கள். இவள்தான் முன்பாதியின் வில்லி. அரண்மனைக்கு வந்து சில நாளே ஆன ஒரு பெண்ணைத் தடியால் அடித்து முடமாக்குகிறாள். கதாநாயகியின் தோழியைக் குளத்தில் தள்ளவைக்கிறாள். கருவுற்ற ஜென் ஹுவானை மண்டியிட வைக்கிறாள், கரு கலைந்துவிடுகிறது. வெறுக்கத் தடையே இல்லை. நானும் மனதார வெறுத்தேன்.

பிறகு பத்திகளை நிரப்புங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஹுவாவின் கரு கலைந்தது. மருந்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவள் துவான் ஃபெய். ஹுவா அவள் வாயில் குசும்பப்பூக் கஷாயத்தை ஊற்றி, இனி குழந்தையே பெற முடியாதபடி பழிதீர்த்துக்கொண்டாள். ஆனால் 'யார் சொல்லி' என்ற பத்தியில் துவானின் பெயர் வராது. பேரரசரும் அவருடைய தாயாரும் வருவார்கள். ஹுவாவின் அண்ணன் நியான் கெங்யாவ் பெரும் படைத்தலைவன். அந்தக் குடும்பத்து ரத்தத்தில் ஓர் இளவரசன் பிறப்பது அரியணைக்கு ஆபத்து. அதற்காகவே பேரரசர் அவளுக்கு மட்டும் என்று ஒரு வாசனைத் தூபம் பரிசளிக்கிறார். அதில் கஸ்தூரி கலந்திருக்கிறது. இத்தனை பெண்களில் எனக்கு மட்டும்தானே இது என்று அவள் ஆண்டுக்கணக்கில் பெருமையோடு ஏற்றிவைத்துக்கொண்டே இருக்கிறாள், கரு தரிப்பதே இல்லை. ஜென் ஹுவானின் கரு கலைந்ததற்கும் அவள் மட்டுமே காரணமல்ல. நட்பாகப் பழகியவள் கொடுத்த தழும்புக் களிம்பிலும் கஸ்தூரிதான்.

ஒதுக்கப்பட்ட மனைவியரை அடைத்துவைக்கும் குளிர் மாளிகையில் தூபத்தின் ரகசியத்தை ஜென் ஹுவான் அவளிடம் சொல்லும் காட்சியில் அத்தியாயத்தை நிறுத்தி, ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஹுவா சிரிக்கிறாள். பேரரசரே, இந்த ஷிலானை (அவளுடைய இயற்பெயர்) இப்படி வதைத்துவிட்டீரே என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சுவரில் தலையை மோதி இறக்கிறாள். உண்மையைச் சொன்ன நம் கதாநாயகி கொன்றாளா, விடுவித்தாளா? என் நோட்டில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வரலாறு வேறு மாதிரி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உண்மையான நியான் அம்மையார் யோங்ஜெங்குக்கு நான்கு பிள்ளைகள் பெற்றார். யாரும் பிழைக்கவில்லை. 1725 இறுதியில் நோயால் இறந்தார். அண்ணனைத் தற்கொலை செய்துகொள்ளுமாறு பேரரசர் ஆணையிட்டது அதன் பிறகு. தூபம் கதாசிரியரின் கற்பனை. தொடர் எந்த இடத்தில் வரலாற்றை விட்டு விலகுகிறது என்று பார்த்தால், எந்தக் காயத்தைக் காட்ட விரும்புகிறது என்று தெரியும்.

இரண்டாம் பாடத்துக்கு 2018ஆம் ஆண்டே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. 'யான்சி அரண்மனை', 'ருயி' என்ற இரு தொடர்கள் அந்த ஒரே கோடையில் வந்தன. இரண்டிலும் கணவர் சியான்லோங் பேரரசர், மனைவியரும் அதே வரலாற்றுப் பெண்கள். யான்சியில் ஃபுசா பேரரசி குளிர்நிலவு போன்றவர், லிங் ஃபெய் துணிச்சலான கதாநாயகி, நாரா பேரரசி சூழ்ச்சிக்காரி. ருயியில் அந்த நாராதான் கதாநாயகி, லிங் ஃபெய் படுபாதகி, ஃபுசா பேரரசியின் கையும் சுத்தமில்லை. ஒன்றைப் பார்த்து முடித்த கையோடு மற்றதைப் பாருங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். நேற்றுவரை யாருக்காக அழுதீர்களோ அவள் இன்று விஷம் கலக்குகிறாள். வேகம் வேண்டுமென்றால் 70 அத்தியாய யான்சி. மணவாழ்க்கை ஒன்று அங்குலம் அங்குலமாகச் சாவதைப் பார்க்கப் பொறுமை இருந்தால் 87 அத்தியாய ருயி. என் ஓட்டு ருயிக்கு. பாட்டிக்கு யான்சி, அவர் வயதுக்கு அழுதது போதுமாம்.

ருயியில் தொடக்க அத்தியாயங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பதைக் கடந்த சோ சுன் பருவப் பெண்ணாக வருகிறார், உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த நடிகையால்தான் பின்பாதியில் முகத்தை அசைக்காமல் வெறுமையைக் காட்ட முடிகிறது. ருயி தன் கூந்தலை வெட்டும் காட்சிக்கு முன் ஒரு தகவல்: மஞ்சு வழக்கப்படி பேரரசரோ அவருடைய தாயாரோ இறந்தால் மட்டுமே பேரரசி கூந்தலை வெட்டலாம். கணவன் உயிரோடு நிற்கும்போது வெட்டுவது, நீ எனக்குச் செத்துவிட்டாய் என்பது. நாரா பேரரசி 1765 தென்திசைப் பயணத்தில் இப்படிச் செய்ததாகத்தான் சொல்லப்படுகிறது, மறு ஆண்டே இறந்தார். இந்த வழக்கம் தெரியாமல் பார்த்தால் கத்தரியும் முடியும்தான் தெரியும்.

அரண்மனை மூச்சுமுட்டினால் வீட்டுக்குள் வாருங்கள். சோங் காலத்தில் நடக்கும் 'மிங்லான்', 2018 டிசம்பரில் தொடங்கியது. கதாநாயகன் கு திங்யே ஊரில் பெயர் கெட்டவன், முன்பே ஒரு நாடகக்காரியோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகள் பெற்றவன். மிங்லானின் தாய், தந்தையின் செல்லத் துணைவி செய்த சதியால் பிரசவத்தில் இறந்தவள். அந்த வீட்டில் வளர்ந்தவள் எந்த ஆணை நம்புவாள்? கல்யாணத்துக்குப் பின் வீட்டுக் கணக்கு, மாமியார் சூழ்ச்சி, கணவனின் முதல் மகள் என எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்கிறாள். அந்தக் குறையில்லாமைதான் அவனுக்கு வலி. கோபப்பட மாட்டாளா, பொறாமைப்பட மாட்டாளா என்று ஏங்குகிறான். மருதத்திணையின் ஊடல் எதற்கு என்று பள்ளியில் விளங்காதது எனக்கு இங்கே விளங்கியது: ஊடுவதற்கும் நம்பிக்கை வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது பேச்சை அல்ல, யார் எங்கே உட்காருகிறார்கள், சாவிக்கொத்து யார் கையில் என்பதை.

2022இல் வந்த 'மெங் ஹுவா லு' பற்றி ஒரு மனத்தாங்கல். தேநீர்க் கடை நடத்தும் ஜாவ் பானர், தேர்வில் மூன்றாம் இடம் பெற்றதும் அவளைக் கைவிடும் காதலன், உளவுத்துறையின் கடுமையான அதிகாரி கு சியான்ஃபான் என்று எல்லாம் அழகு. ஆனால் மூலமான குவான் ஹான்சிங்கின் யுவான் கால நாடகத்தில் அவள் ஒரு கணிகை, அந்த அனுபவமே அவள் அறிவு. தொடரில் கலையை மட்டும் விற்றவள் என்று வெள்ளையடித்துவிட்டார்கள். பார்க்கலாம், ஆனால் முதிர்ந்த பெண்ணைப் பற்றிய கதையில் இந்தப் பயம் ஏன் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 2020இல் சீன ஒளிபரப்புத் துறை ஒரு தொடர் 40 அத்தியாயங்களுக்கு மேல் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியது, இது சரியாக 40. பழைய நீளத்துக்குப் பழகியவர்களுக்குப் பல இடங்களில் அவசரம் தெரியும்.

சிறு குறிப்பு: குரலை வைத்து நடிப்பை எடைபோடாதீர்கள். பெரும்பாலானவை பின்னணிக் குரல். ஜென் ஹுவானாக நடித்த சுன் லிக்குப் பேசியவர் ஜி குவான்லின். கண்ணையும் கையையும் பாருங்கள்.

'ஜென் ஹுவான்' தொடரின் கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். மரணப் படுக்கையில் பேரரசர், இரட்டைக் குழந்தைகள் தன்னுடையவர்களா என்று கேட்கிறார். உலகத்து மக்களெல்லாம் உங்கள் பிள்ளைகள், அவர்களும் அப்படியே என்கிறாள். என்னை ஒருமுறை சிலாங் என்று கூப்பிடுவாயா என்கிறார். அவள் கூப்பிடவில்லை. அந்த வருடம் ஆப்ரிகாட் பூக்கள்மேல் தூறல் விழுந்தபோது நீங்கள் குவோ இளவரசர் என்றுதானே சொன்னீர்கள், ஒருவேளை தொடக்கத்திலிருந்தே எல்லாம் பிழைதான் என்கிறாள். முதல் சந்திப்பில் தம்பியின் பெயரைச் சொல்லி ஏமாற்றியவர் பேரரசர்தான், முதல் அத்தியாயங்களில் அதை விளையாட்டாகக் கடந்திருப்பீர்கள்.

நாங்கள் பார்த்து முடித்தபோது மணி பதினொன்றரை. பாட்டி ஒன்றும் பேசவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்து, பாதியை என் கையில் வைத்துவிட்டு, முதல் அத்தியாயத்தை மறுபடி போடச் சொன்னார்.