பழைய எஸ்டீமில் ஹீட்டர் சூடு வரவில்லையா? முதலில் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

ஊட்டியில் ஜனவரி மாதம் விடியற்காலை நாலு மணிக்கு வண்டி எடுத்துப் பாருங்கள், கண்ணாடி மேல் உப்பு தூவின மாதிரி உறைபனி கிடக்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் லோடு பின்னாலேயே போகிற எனக்கு ஹீட்டர் ஆடம்பரம் இல்லை. அது வேலை செய்யாவிட்டால் 14 கொண்டை ஊசி வளைவும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இறங்க வேண்டியதுதான்.

ஒரு குளிர்காலத்தில் என் பழைய மாருதி எஸ்டீம் காரில் ஹீட்டர் லீவரைச் சிவப்புக் கோடி வரை தள்ளியும் பச்சைத் தண்ணி மாதிரிக் காற்றுதான் வந்தது. டேஷ்போர்டைப் பிரிக்கணும் என்றார் மெக்கானிக். அதற்கு அவசரமே இல்லை.

இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், கழுத்து வரை இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் இருக்கிற உபரி கூலன்ட் பாட்டிலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். குறைந்திருந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஹீட்டர்தான். சூடான வண்டியில் மட்டும் மூடியைத் தொடவே கூடாது.

அடுத்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைத்து பானெட்டைத் திறங்கள். இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்குள் நுழைகிற இரண்டு சின்ன ஹோஸ் தெரியும். துணியைச் சுற்றிய கையால் தொடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பிக்கலாம், விரல் ஜாக்கிரதை.

இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். என் வண்டியில் அது இல்லவே இல்லை! முன்னாடி வைத்திருந்தவர் சமவெளிக்காரர். 'ஹீட் ஆகாது' என்று சொல்லி யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் பரவலாக நடக்கிற அநியாயம் இது. தெர்மோஸ்டாட் சுமார் 80 டிகிரிக்கு மேல்தான் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும். அது இல்லாவிட்டால் மலைக்குளிரில் இன்ஜின் சூடே ஏறாது. நின்றால் கேஜ் முள் ஏறுகிறது, இறக்கத்தில் விழுகிறது என்றால் அதுதான். புதுசு போட்ட அன்றே என் காருக்கு உயிர் வந்தது.

ஒன்று சூடு, இன்னொன்று ஜில் என்றால் ஹீட்டர் கோரில் (டேஷ்போர்டுக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர்) அடைப்பு, அல்லது ஏர் லாக், அதாவது உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய வண்டியில் துரு சேறாகக் கட்டியிருக்கும். ஹோஸ்களைக் கழற்றி, தோட்டக் குழாயால் எதிர்த் திசையில் மெதுவாக அலசுங்கள். வேகமாக அடித்தால் பழைய கோர் பிய்ந்துவிடும். அப்புறம் கூலன்ட் ஊற்றி, ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்கிற மாதிரி நிறுத்தி, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி, குமிழி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். எங்கள் ஊரில் ஏற்றத்துக்கா பஞ்சம்?

இரண்டும் கொதிக்கிறது, காற்று மட்டும் குளிர்கிறது என்றால் கோளாறு உள்ளே இருக்கிற ஃப்ளாப்பில், அதாவது காற்றைச் சூட்டுப் பக்கமோ குளிர்ப் பக்கமோ திருப்புகிற சின்னக் கதவில். கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்து, இன்னொருவரை லீவரைத் தள்ளச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் மாற்றி ஒரு மாசத்தில் எனக்கு இதுவும் வந்தது. லீவரையும் ஃப்ளாப்பையும் இணைக்கிற கேபிளின் உள்ளே இருக்கிற கம்பி நகரவில்லை. அதன் மேலுறையே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. உறையைப் பிடிக்கிற கிளிப் காய்ந்து உடைந்திருந்தது. லீவரை நீலக் கோடியில் வைத்து, ஃப்ளாப்பின் கையையும் குளிர்ப் பக்கம் முழுசாகத் தள்ளி, உறையைத் தொய்வில்லாமல் இழுத்து கேபிள் டை போட்டு இறுக்கினேன். பழைய சைக்கிள் பிரேக் ஒயர் சரி பண்ணுகிற அதே வித்தை.

கால்மிதி ஈரமாகி, தித்திப்பு வாசனையோடு கண்ணாடியில் பிசுபிசுப்பு படிந்தால் கோர் ஒழுகுகிறது. அதற்கு மட்டும் டேஷ்போர்டைப் பிரித்தே ஆகணும்.

கீழே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். கோயம்புத்தூரில் என் மச்சான் தன் எஸ்டீமில் ஏசி குளிரவில்லை என்று இரண்டு தடவை கேஸ் ஏற்றினார். ஃப்ளாப் சூட்டுப் பக்கமே மாட்டிக்கொண்டு நின்றிருந்தது.