செந்தில் என்ற பெயர் வந்தால் மட்டும் நின்றுபோகும் நிரல்

புதிதாக சி நிரல்மொழி கற்பவர்களின் நிரல்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளே வரிசைகட்டி வருகின்றன. வாங்கிய நினைவக இடத்தைத் திருப்பித் தர (ஃப்ரீ செய்ய) மறப்பது போன்றவற்றைப் பாடநூல்களே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நின்ற வரியிலேயே தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிடும் நிரல் ஒன்றை ஒரு மாணவர் கொண்டுவந்தார். ஃப்ரீ வரியில் ‘இன்வாலிட் பாயின்டர்’ (செல்லாத சுட்டி) என்று நின்றுபோகிறது. அவரும் அந்த வரியையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். தவறோ வெகு மேலே இருந்தது. பெயரின் நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென் தந்த அளவை, நினைவகத்தில் இடம் ஒதுக்கும் மால்லாக்கிடம் அப்படியே கொடுத்திருந்தார். எழுத்துச் சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழிய பைட்டுக்காக 1 கூட்டவில்லை.

“குமரன், முருகன் எல்லாம் சரியாக வருகிறதே?” என்றார். வரத்தான் செய்யும். 64 பிட் லினக்ஸில், மால்லாக்கை உள்ளடக்கிய சி நூலகமான ஜிலிப்சி, எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் 24 பைட் இடம் தருகிறது. எழுத்துகளை பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் குமரன் 18 பைட், முருகன் 21. சுழியம் உபரி இடத்தில் விழுந்துவிடும். செந்தில் சரியாக 24. இருபத்தைந்தாவது பைட், அடுத்த நினைவகத் துண்டின் அளவு பதிந்துள்ள இடத்தை அழிக்கிறது. அந்தத் துண்டை ஃப்ரீ செய்யும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

நடுவில், மதிப்பை அச்சிட்டுப் பார்க்க ஒரு பிரிண்ட்எஃப் போட்டாராம், கோளாறு மறைந்ததாம், சரியாகிவிட்டது என்று சமர்ப்பித்தும் விட்டாராம். நிரலின் முதல் பிரிண்ட்எஃப் தன் பயன்பாட்டுக்கு மால்லாக்கில் இடம் வாங்குகிறது. அந்த இடம் குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். காரணம் தெரியாமல் மறைந்த பிழையைத் தீர்ந்ததாக எண்ணாதீர்கள்!

இத்தகைய நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், 2013இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 4.8 பதிப்பு முதலே இருக்கிறது. அதை இயக்கி, வரி எண்களைத் தரும் டீபக் தகவலுடன் கம்பைல் செய்தால், பெயரை நகலெடுக்கும்போது எல்லை மீறி எழுதிய ஸ்ட்ர்காப்பி வரியையும் இடம் ஒதுக்கிய மால்லாக் வரியையும் காட்டிவிடும். முதல் நாளிலிருந்தே அதைப் பழகுங்கள்.

ஃப்ரீ செய்த இடத்தைப் படிப்பது

பழைய மதிப்பே தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

ரீஅல்லாக் விடையைப் பழைய சுட்டியிலேயே போடுவது

ரீஅல்லாக், ஒதுக்கிய இடத்தின் அளவை மாற்றித் தருவது. இடம் கிடைக்காவிட்டால் ‘நல்’ (வெற்றுச் சுட்டி) வரும். பழைய முகவரியும் கையைவிட்டுப் போகும். தனி மாறியில் வாங்கிச் சோதியுங்கள்.

கடைசியாக அச்சான வரியை நம்புவது

வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தால், நிரல் விழும்போது இடையகத்தில் (பஃபரில்) தேங்கிய வரிகள் தொலைந்துபோகும். தடயச் செய்திகளை அப்படித் தேங்காத பிழை வெளியீடான எஸ்டிடிஎர்ருக்கு அனுப்புங்கள்.