பயணத்தில் மடிக்கணினிக்கு அறுபடாத இணையம்

கைபேசியின் இணையத்தை மடிக்கணினிக்குக் கொண்டுவரும்போது தரவு இரண்டு வழிகளைக் கடக்கிறது: டவரிலிருந்து கைபேசி வரை ஒன்று, கைபேசியிலிருந்து மடிக்கணினி வரை மற்றொன்று. தடங்கல் வந்தவுடன் நாம் டவரைத்தான் திட்டுகிறோம். அந்த நேரத்தில் கைபேசியிலேயே ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே உடனே திறந்து, மடிக்கணினியில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், பழுது இரண்டாவது வழியில் இருக்கிறது.

அந்த இரண்டாவது வழியைச் சீராக்குவது எளிது: யூஎஸ்பி கேபிளால் இணைத்துவிடுங்கள். ஹாட்ஸ்பாட் (கைபேசி தன் இணையத்தை வைஃபையாகப் பகிரும் வசதி) பெரும்பாலும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து இருக்கைக்காரர்களின் வைஃபை, புளூடூத் எல்லாம் சேர்ந்து நெரிசலாகிவிடுகின்றன. கேபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை, கைபேசிக்குச் சார்ஜும் ஏறும். ஆனால், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் உண்டு. அப்படி ஒன்றைச் செருகிவிட்டு, யூஎஸ்பி டெதரிங் (கேபிள் வழியே இணையத்தைப் பகிர்தல்) அமைப்பு ஏன் மங்கலாகவே இருக்கிறது என்று அரை மணி நேரம் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. ஐபோனை விண்டோஸ் கணினியில் இணைக்க ஆப்பிளின் மென்பொருளை முன்பே நிறுவியிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டை மேக்குடன் கேபிளால் இணைப்பது எல்லா மாடல்களிலும் நடப்பதில்லை. ஆகவே வீட்டிலேயே ஒருமுறை சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். ஹாட்ஸ்பாட்தான் வழி என்றால், கைபேசி அனுமதிக்கும்போது 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து, கைபேசியை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் வழியாகவும் இணைக்கலாம். மின்னஞ்சலுக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி முதல் வழி. இங்கே கைபேசியை எங்கே வைக்கிறோம் என்பதே பாதி வேலை. சிக்னல் கோடுகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே சிக்னலுக்கு ஒவ்வொரு கைபேசியும் வெவ்வேறு எண்ணிக்கையில் கோடு காட்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில், 'கைபேசியைப் பற்றி' என்னும் பகுதிக்குள் உள்ள சிம் நிலையில், சிக்னலின் வலுவைச் சொல்லும் டிபிஎம் (dBm) அலகில் ஓர் எண் தெரியும்; அது சுழியத்தை நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. 4ஜியில் அது -85-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. -110-க்குக் கீழே இறங்கினால் இணைப்பு தள்ளாடும். மேசைமேல் -112 காட்டிய கைபேசி சன்னலோரத்தில் -98 காட்டினால், வித்தியாசம் 14 டெசிபல், அதாவது ஏறத்தாழ 25 மடங்கு வலுவான சிக்னல். 2 மீட்டர் கேபிள் இருந்தால் கைபேசி சன்னலோரத்திலும் நீங்கள் மேசையிலும் இருக்கலாம். வெயில் மட்டும் நேராக விழக் கூடாது. சூடேறிய கைபேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால், பெரும்பாலும் அந்த டவரில் கூட்டம் அதிகம் என்று பொருள். அதற்கு இன்னொரு நிறுவனத்தின் சிம் அல்லது இசிம்தான் (கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்) மருந்து. சில நிறுவனங்கள் பிறருடைய வலையமைப்பை வாடகைக்கு எடுத்தே சேவை தருகின்றன. இரண்டு சிம்களும் ஒரே வலையமைப்பில் போய் நின்றால் இரண்டாவதற்குக் கொடுத்த பணம் வீண். 5ஜி வந்து வந்து போகும் இடங்களில் கைபேசியை 4ஜியில் நிறுத்திவைத்தால், வேகம் குறைந்தாலும் இணைப்பு நிலைக்கும். ஒரேயடியாக உறைந்துவிட்டால், விமானப் பயன்முறையைப் பத்து விநாடி இயக்கி அணைத்தால் கைபேசி டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும்.

டேட்டா கரைவதையும் கவனிக்க வேண்டும். மடிக்கணினி இதை வீட்டு இணைப்பு என்றே நினைத்து, புதுப்பிப்புகளையும் மேகச் சேமிப்பின் கோப்புகளையும் பின்னணியில் இறக்கத் தொடங்கிவிடும். விண்டோஸில் இணைப்பை 'அளவிடப்பட்டது' (Metered) என்று குறியுங்கள்; கேபிள் இணைப்பு தனிப் பெயரில் தோன்றுவதால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். மேக்கில் வைஃபை இணைப்புக்குக் குறைந்த தரவுப் பயன்முறை உண்டு.

முக்கியமான கூட்டம் இருக்கும் நாளில், இணைப்பு தடுமாறத் தொடங்கியதுமே காணொளியை அணைத்துவிடுங்கள். பேச்சுக்கு மட்டும் நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். சாதாரணத் தொலைபேசி அழைப்பால் சேர்வதற்கான எண்ணை அழைப்பிதழில் கொடுத்திருந்தால், அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் போன பிறகு அந்த அழைப்பிதழைத் திறக்க முடியாமல் போகலாம்.